சோங் சிப்பாயின் கால்சட்டை

இரவு ஒன்றரை மணி. கையில் இருப்பவன் கட்டைவிரலின் மேல் கணு அளவுதான் உயரம். தலையில் இரும்புத் தொப்பி, கையில் விசைவில், முகத்தில் எனக்கு இருக்கும் அதே தூக்கக் கலக்கம். மார்புக் கவசத்துக்கு வண்ணம் அடித்தாகிவிட்டது. தோளும் ஆயிற்று. தொடையை மூடும் தகட்டுப் பாவாடையும் ஆயிற்று. அந்தப் பாவாடை முடிகிற இடத்துக்கும் பூட்சு தொடங்குகிற இடத்துக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர் கால்சட்டை தெரிகிறது. அது என்ன நிறம் என்று மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"ஏதாவது ஒரு கலர் அடிச்சிட்டு வந்து படுங்களேன்" என்றாள் மனைவி.

நியாயமான பேச்சு. ஆனால் ஏதாவது ஒரு கலர் அடிக்கிறவனாக இருந்தால் நான் எதற்குப் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சீனச் சிப்பாயை வாங்குகிறேன்? பச்சை நிறப் பூதங்களின் படை ஒன்று கடையில் பாதி விலைக்குக் கிடந்தது. பூதத்தின் கால்சட்டையைப் பற்றி யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. பூதம் கால்சட்டையே போடுவதில்லை.

இந்தப் பைத்தியத்துக்கு மேசைப்போர் என்று பெயர். பரம்பரை உள்ள பைத்தியம்தான். 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி, வரைபடத்தின்மேல் கட்டைகளை நகர்த்தி, பகடை உருட்டிப் போர் பழகும் விளையாட்டைத் தன் நாட்டு ராணுவத்துக்குக் காட்டினார். 1913இல் எச்.ஜி. வெல்ஸ், கால இயந்திரம் பற்றிக் கதை எழுதினாரே அவரேதான், ‘லிட்டில் வார்ஸ்’ என்று ஒரு புத்தகம் போட்டார். பொம்மைச் சிப்பாய்களைத் தரையில் நிறுத்திக் குட்டிப் பீரங்கியால் சுட்டு வீழ்த்துவதற்கான விதிகள் அதில் இருக்கின்றன. நரைத்த தலையோடு தரையில் குப்புறப் படுப்பதற்கு இலக்கிய அந்தஸ்து வந்தது அன்றிலிருந்துதான். நாங்கள் ஆடுவது டி.பி.ஏ. என்று 1990இல் வெளிவந்த விதிமுறை. ஒரு படைக்குப் பன்னிரண்டு தட்டு போதும். தட்டுக்கு மூன்று அல்லது நான்கு பேரை ஒட்டிவிட வேண்டும். என் கணக்கில் காலாட்படை பத்துத் தட்டு, குதிரைப்படை இரண்டு தட்டு, ஆக மொத்தம் 46 பேர். நாற்பத்தாறு பேருக்கு வண்ணம் அடிப்பது ஒரு மாத வேலை என்று நினைத்தேன். அது போன தீபாவளிக்கு முன்பு.

சோங் வம்சத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை, அது என் தலையில் விழுந்தது. என் எதிர் ஆட்டக்காரர் ஒரு பள்ளியில் வேதியியல் நடத்துகிறவர். எல்லோரும் அவரைச் சார் என்றுதான் கூப்பிடுவோம். சார் ஜுர்ச்சென் படை வாங்கிவிட்டார். வடக்கிலிருந்து குதிரையில் வந்து, 1127இல் சோங் தலைநகரான கைஃபெங்கைப் பிடித்து, பேரரசரையும் அவருடைய அப்பாவையும் சேர்த்துக் கைதியாகக் கொண்டுபோன கூட்டம் அது. அவர்களுக்கு ஓர் எதிரி வேண்டாமா? "நீங்க சோங் எடுத்துக்குங்க" என்றார் சார், கல்யாண வீட்டில் கடைசியாக மிஞ்சிய இலையைக் காட்டுகிற மாதிரி.

படித்துப் பார்த்தால் சோங்காரர்கள் பிடித்துப்போனார்கள். 960இல் தொடங்கி 1279 வரை ஆண்டவர்கள். காகிதப் பணம் அச்சடித்தார்கள், வெடிமருந்துக்குச் செய்முறை எழுதி வைத்தார்கள், தேநீரை நுரை வரக் கடைந்து குடித்தார்கள். குதிரைக்கு மட்டும்தான் பஞ்சம். நல்ல மேய்ச்சல் நிலமெல்லாம் எதிரிகள் கையில் இருந்தது. தேயிலையைக் கொடுத்துக் குதிரை வாங்குவதற்கென்றே 1074இல் ஓர் அரசு அலுவலகம் திறந்தார்கள். எனக்கு இது மிகவும் வசதி. குதிரைவீரன் பொம்மை காலாளைப் போல இரண்டு மடங்கு விலை, வண்ணம் அடிக்கக் கூடுதலாக நாலு கால் வேறு. சிக்கனமாக இரு என்று வரலாறே சொல்லும்போது மீறக்கூடாது.

சீனப் படை சேர்க்கிறேன் என்று குடும்ப வாட்ஸ்அப்பில் தெரிந்த மறுவாரம் ஒன்றுவிட்ட தம்பி ஒரு பரிசோடு வந்தான். சுடுமண் வீரன், குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும் காந்தம். "இவனையும் சேத்துக்கண்ணே." 1974இல் சியான் அருகே கிணறு வெட்டப் போனவர்கள் கண்டெடுத்த அந்தச் சுடுமண் படை கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. என் சிப்பாய்க்கு அவன் ஆயிரத்து முந்நூறு வயது மூத்தவன். கரிகாலன் காலத்து ஆளைக் கூப்பிட்டுத் திருமலை நாயக்கர் மகாலுக்குக் காவல் போடுகிற கதை. தம்பியிடம் இதை முக்கால் மணி நேரம் விளக்கினேன். அவன் அதன்பிறகு பரிசு எதுவும் கொண்டுவருவதில்லை.

பொம்மை வாங்குவதில்தான் முதல் அடி. வெள்ளை உலோகத்தில் வார்த்து, பொட்டலம் போட்டு அனுப்புகிறார்கள். ‘இடைக்காலச் சீனர்’ என்று பெட்டியின்மேல் எழுதியிருந்தது. நம்பி வாங்கினேன். உள்ளே இருந்த தளபதியின் முதுகில் நான்கு கொடி. போர்க்களத்தில் ஒருவன் முதுகில் நான்கு கொடியைக் கட்டிக்கொண்டு ஓடினால் காற்றடிக்கும் திசைக்குத்தான் போவான். விசாரித்தால், அது சீன இசைநாடக மேடையில் தளபதி வேஷத்துக்கு உள்ள உடுப்பு. நம் பழைய ராஜா ராணிப் படங்களில் வரும் வெல்வெட் சட்டையையும் ஜிகினாக் கிரீடத்தையும் பார்த்துவிட்டு யாரோ ஒருவர் ‘சோழர் படை’ என்று வார்த்து விற்பது போல.

இரண்டாவது பொட்டலத்தில் பதினாறு பேர். எல்லோருக்கும் மலைவடிவக் கவசம். மூன்று முனை கொண்ட சின்னச் சின்ன நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட மாதிரி ஒரு வேலைப்பாடு, பார்க்கக் கண்கொள்ளாது. ஒவ்வொரு முனையிலும் வெள்ளிக்கோடு வைத்து மூன்று இரவு உட்கார்ந்தேன். நான்காவது இரவு ஓர் உண்மை தெரிந்தது. கோயில் காவல் சிலைகளிலும் ஓவியங்களிலும் இந்தக் கவசம் இருக்கிறது. மண்ணிலிருந்து ஒரு துண்டுகூட இதுவரை வெளிவரவில்லை. உண்மையில் இரும்பில் செய்து போட்டார்களா, அல்லது சிற்பி கையின் அழகா என்பதிலேயே அறிஞர்களுக்குள் சண்டை. பதினாறு பேரையும் பின்வரிசைக்கு அனுப்பிவிட்டேன். பின்வரிசையில் நிற்கிறவனின் கவசம் கற்பனையாக இருந்தால் பரவாயில்லை என்பது என் கட்சி.

இந்த வட்டாரத்தில் ‘பொத்தான் எண்ணுபவர்கள்’ என்று ஒரு சாதி உண்டு. நெப்போலியன் காலத்துச் சிப்பாயின் கோட்டில் பொத்தான் எட்டா ஒன்பதா என்று நட்பை முறித்துக்கொள்கிறவர்கள். அவர்களைப் பார்த்துப் பல வருஷம் சிரித்தவன் நான். என் ஆளுக்குப் பொத்தான் கிடையாது. அதனால் அந்த நோய் எனக்கு வராது என்ற தைரியத்தில் இருந்தேன்.

பொத்தான் இல்லைதான். தகடு இருந்தது. 1134இல் சோங் அரசு காலாட்படைக் கவசத்துக்கு ஓர் அளவுத்திட்டம் போட்டது, அது அந்த வம்சத்தின் வரலாற்று நூலிலேயே பதிவாகியிருக்கிறது. தோளுக்கு 504 தகடு. உடம்புக்கு 332. கால்பாவாடைக்கு 679. தொப்பியிலிருந்து கழுத்தை மறைத்துத் தொங்கும் திரைக்கு 310. கூட்டினால் 1,825. கூட்டிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. ஒவ்வொரு வகைத் தகடும் என்ன எடை, கோக்கும் தோல்வார் என்ன எடை என்பது உட்பட எல்லாம் இருக்கிறது. மொத்தம் ஐம்பது ஜின்னுக்குச் சற்றுக் குறைவு, அதாவது ஏறக்குறைய 30 கிலோ. (ஜின் என்றால் வேற்றுலகச் சமாசாரம் இல்லை. சிங்கப்பூர் ஈரச் சந்தையில் பழைய மீன்காரர் இன்னும் ‘கட்டி’ என்று சொல்வாரே, அந்த எடைதான்.)

இதைவிட எனக்குப் பிடித்தது அதன் பின்குறிப்பு. ஒவ்வொரு தகடும் சொன்ன எடைக்குத் துளி கூடினாலும் குறைந்தாலும் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், இரும்பும் உழைப்பும் வீணாகிறது, ஆகவே முழுக் கவசமும் 45 ஜின்னிலிருந்து 50 ஜின்னுக்குள் வந்தால் ஏற்றுக்கொள்ள அனுமதிக்க வேண்டும் என்று ஒரு வேண்டுகோள். பாதி நாடு பறிபோயிருக்கிறது, எதிரி வடக்கே நிற்கிறான், ஆனால் ஓர் அலுவலகத்தில் ஒருவர் தராசும் கையுமாக உட்கார்ந்து தகடு தகடாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார். எண்ணூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முந்தைய அந்த மனிதரை நான் அடையாளம் கண்டுகொண்டேன். எங்கள் சாதிதான்.

என் பொம்மையின்மேல் வார்ப்புக்காரர் எத்தனை தகடு போட்டிருக்கிறார் என்று பூதக்கண்ணாடியில் எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு. 1,613 தகடு பாக்கி. யாரிடம் வசூலிப்பது?

அதே திட்டத்தில் இன்னொரு வரி. தகடு உள்ளும் புறமும் மெருகேற்றப்பட வேண்டும். இந்த வரி என் மூன்று வார வேலையை அழித்தது. பொம்மைக்கு வண்ணம் அடிக்கிற உலகத்தில் ஒரு மரபு இருக்கிறது. இரும்புக்கு முதலில் வெள்ளி நிறம் பூசி, அதன்மேல் கறுப்பு மையைத் தண்ணியாக ஓடவிட வேண்டும். ‘வாஷ்’ என்பார்கள். கறுப்பு இடுக்குகளில் இறங்கித் தகடு தகடாகப் பிரித்துக் காட்டும், கவசமும் நாலு போர் பார்த்த மாதிரி அழுக்கேறிவிடும். நாற்பது பேருக்கும் ஆசையாக அழுக்கேற்றி வைத்திருந்தேன். அரசு உத்தரவோ பளபளவென்று இருக்கச் சொல்கிறது. மறுபடி ஒவ்வொரு தகட்டின் நெற்றியிலும் வெள்ளி வைத்தேன். புறம் முடிந்தது. உள்பக்கம்? என் ஆள் திட உலோகம், அவனுக்கு உள் கிடையாது. இருந்தும் கொஞ்ச நேரம் யோசித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

எதிர்வீட்டு அங்கிள் அறிமுகமானதும் இந்தப் படையால்தான். நாங்கள் இருக்கும் சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடியில் எங்களுக்கும் அவருக்கும் பொதுவான நடைவழி. வண்ணம் பிடிப்பதற்கு முதலில் பிரைமர் தெளிக்க வேண்டும், டப்பாவை வீட்டுக்குள் தெளித்தால் நாற்றம் போகாது. ஆகவே ஒரு மாலை, அட்டைப்பெட்டியில் ஆட்களை நிறுத்தி நடைவழியில் வைத்துத் தெளித்தேன். மழைக்கு முந்தைய புழுக்கம். காற்றில் ஈரம் இருந்தால் பிரைமர் வழவழப்பாகப் படியாமல் பொடியாகிவிடும் என்பது எனக்குத் தெரியாது. ஆட்கள் மேலெல்லாம் ரவை தூவியது போல் ஆயிற்று. மீதி ரவை அங்கிளின் எலுமிச்சைச் செடிமேல் போய் உட்கார்ந்தது. சீனப் புத்தாண்டுக்கு வாங்கி, வருஷம் முழுக்கக் கண்ணாக வளர்க்கும் செடி. கதவைத் திறந்தவர் சாம்பல் நிற இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அட்டைப்பெட்டியைப் பார்த்தார். கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். குனிந்து ஒருவனை எடுத்துக் கண்ணருகே வைத்துக்கொண்டு, "குவான் யூ எங்கே?" என்று கேட்டார்.

அவர் வீட்டுப் பூசை மாடத்தில், தெய்வமாகிவிட்ட பழங்காலத் தளபதி குவான் யூ செந்நிற முகமும் நீண்ட தாடியுமாக நிற்கிறார். கையில் பிறை போல வளைந்த பெரிய அலகு கொண்ட நீள்கோல் வாள். குவான் யூ கி.பி. 220 வாக்கில் இறந்தவர் அங்கிள், என் படை அதற்கு ஒன்பது நூற்றாண்டு பிந்தியது என்றேன். இத்தோடு நிறுத்தியிருக்கலாம். அந்த வாளும் அவர் காலத்தது இல்லை, 1044இல் முடிந்த ‘வூஜிங் சோங்யாவ்’ என்ற சோங் போர்க்கலை நூலில்தான் முதன்முதலில் தென்படுகிறது என்றும் சொல்லிவைத்தேன். அங்கிள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். முருகன் கையில் இருப்பது எந்த நூற்றாண்டு வேல் என்று நம் வீட்டு வாசலில் வந்து ஒருவன் கேட்டால் நாம் எப்படிப் பார்ப்போமோ அப்படி.

அடுத்தது முகம். சோங் சிப்பாய்களுக்கு முகத்தில் பச்சை குத்துவார்கள். அணியின் பெயரும் எண்ணும் கன்னத்திலேயே இருந்தால் தப்பியோடிப் பிழைக்க முடியாதல்லவா. வேளாண் குடும்பங்கள் பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பக் கூசியதற்கு இது ஒரு காரணமாக இருந்திருக்கும். எனக்குக் கிடைத்த கன்னமோ கடுகளவு. அதில் எழுத்து எழுத வேண்டும். மூன்று மயிர் தூரிகையை மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தேன். எழுத்து வரவில்லை, மரு வந்தது. நாற்பது பேருக்கும் ஒரே இடத்தில் மரு. அண்ணன் தம்பிகள் பட்டாளம்.

கன்னத்தைவிட மோசம் கண். இந்த அளவில் கண் என்பது வெள்ளைக் கீற்றின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. இடது கண் சரியாக வரும். அதற்குச் சமமாக வலது கண் வைக்கும்போது எங்கிருந்தோ ஒரு தும்மல் வரும். என் படையில் நேராகப் பார்ப்பவர்கள் ஒன்பது பேர். மற்றவர்கள் ஒரு கண்ணால் எதிரியையும் மறு கண்ணால் தப்பும் வழியையும் பார்க்கிறார்கள். குதிரைக்கு இந்தத் தொல்லை இல்லை, அதற்குக் கண் பக்கவாட்டில் இருக்கிறது.

இந்தக் கண் பிரச்சினையால்தான் தளபதியாகத் தி சிங்கைத் தேர்ந்தெடுத்தேன். அற்புதமான மனிதர். கடைநிலைச் சிப்பாயாகச் சேர்ந்து படைத்தலைமை வரை உயர்ந்தவர். முகத்துப் பச்சையை மருந்து போட்டு அழித்துக்கொள் என்று பேரரசரே சொன்னபோதும், இருக்கட்டும், கீழே இருப்பவர்களுக்கு நம்பிக்கையாக இருக்கும் என்று மறுத்தவர். எனக்கு முக்கியம் அதெல்லாம் இல்லை. போருக்குப் போகும்போது முடியை விரித்துவிட்டு வெண்கல முகமூடி போட்டுக்கொள்வார். முகமூடி! கண் வரைய வேண்டாம். வெண்கல வண்ணத்தை அப்பினால் முடிந்தது.

ஆசையாகச் செய்து சாரிடம் காட்டினேன். சார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"தி சிங் எப்ப செத்தாரு?"

"1057."

"உங்க கவசம் எந்த வருஷத்துத் திட்டம்?"

நான் பதில் சொல்லவில்லை. எழுபத்தேழு ஆண்டு முன்பே காலமான ஒருவர் என் படையை நடத்திக்கொண்டிருந்தார்.

ஆக, யுவே ஃபெய்தான். 1134க்குப் பொருத்தமான ஆள், 1140இல் யன்செங்கில் இதே ஜுர்ச்சென் குதிரைப்படையை அடித்து நிறுத்தியவர், 1142இல் சொந்த அரசாலேயே கொல்லப்பட்டவர். சீனர்களுக்கு நாட்டுப்பற்றின் மறுபெயர். கடையில் கிடைக்கும் யுவே ஃபெய் எல்லாம் சிங்கம் போன்ற மார்பும் சிலம்பம் ஆடுகிற இடுப்புமாக இருப்பார்கள். நான் சும்மா இருக்காமல் பழைய படம் ஏதாவது உண்டா என்று தேடினேன். இருக்கிறது. லியூ சோங்னியன் வரைந்ததாகச் சொல்லப்படும் ‘நான்கு தளபதிகள்’ என்ற ஓவியச் சுருள். அதில் யுவே ஃபெய் கவசம் இல்லாமல் சாதாரண அங்கியில் நிற்கிறார். உருண்டை முகம், பூசினாற்போல உடம்பு, கொஞ்சம் தொப்பை. ஒரு வங்கிக் கிளை மேலாளரைப் போல அமைதியாக இருக்கிறார். பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆடியின் முன் பக்கவாட்டில் நின்று பார்த்துக்கொண்டேன். பிறகு, பிசைந்தால் இறுகும் மாவு கொஞ்சம் எடுத்து என் யுவே ஃபெய்க்கு ஒரு வயிறு வைத்தேன். அங்கிளிடம் காட்டினேன். நாட்டின் மாவீரனுக்கு மாற்றான் ஒருவன் தொப்பை வைத்ததை அவர் ரசித்ததாகத் தெரியவில்லை.

இப்போது கால்சட்டைக்கு வருகிறேன். மேலங்கிக்குச் சிக்கல் இல்லை. சோங் வம்சம் தன்னை நெருப்புக்கு உரிய வம்சமாக நினைத்தது, நெருப்புக்குச் சிவப்பு. சிவப்பு அடிப்பது சிரமம்தான். கறுப்பின்மேல் நேராக அடித்தால் எழும்பாது, கீழே செம்பழுப்பு போட்டு மேலே இரண்டு பூச்சு வேண்டும். வெளிச்சம் படும் மடிப்புக்கு ஆரஞ்சு சேர்க்க வேண்டும். தெரியாமல் வெள்ளை சேர்த்து ஓர் அணி முழுக்க ரோஜா நிறமாகிக் கல்யாண வரவேற்புக்கு நின்ற கதையும் உண்டு. ஆனால் வம்சத்தின் தத்துவம் இடுப்போடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே என்ன?

வூஜிங் சோங்யாவில் கவசப் படங்கள் இருக்கின்றன. ஆள் இல்லை. கொடியில் காயப் போட்ட துணி மாதிரி தொப்பி தனியே, மார்பு தனியே, பாவாடை தனியே. அதுவும் நமக்குக் கிடைப்பது மிங் காலத்து மறுபதிப்பு, நிறமும் கிடையாது. பேரரசர் ஊர்வலத்தைக் காட்டும் ஒரு நீளச் சுருள் இருக்கிறது, ஐயாயிரத்துக்கும் மேல் ஆட்கள். எல்லாம் சடங்கு உடுப்பு. ஒருவரின் கல்யாண ஆல்பத்தைப் பார்த்து அவர் வீட்டில் என்ன கட்டிக்கொண்டிருப்பார் என்று முடிவு செய்ய முடியுமா? கடைசியாக, ஜாங் செதுவான் வரைந்த புகழ்பெற்ற சிங்மிங் ஆற்றங்கரைச் சுருள். ஐந்து மீட்டருக்கு மேல் நீளம், ஆற்றங்கரை நகரம் முழுக்க அதில் நடமாடுகிறது. படகு, பாலம், சாராயக் கடை, ஒட்டகம். சிப்பாய்களும் இருக்கிறார்கள்! ஓர் அலுவலக வாசலில் கவசம் கிவசம் இல்லாமல் சுவரில் சாய்ந்து தூங்கி வழிகிறார்கள். இத்தனை நூற்றாண்டில் பட்டுத்துணி பழுத்து எல்லோர் கால்சட்டையும் தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது.

எனக்கு உண்மையான வருத்தம் ஒன்று உண்டு. நம் ஆட்கள் நேரில் போயிருக்கிறார்கள். சோழர்களின் தூதுக்குழு 1015இல் சோங் அரசவைக்குப் போயிற்று. 1033இல் மறுபடி போயிற்று, 1077இல் இன்னொரு முறை. நாகப்பட்டினப் பக்கத்து மனிதர் யாராவது ஒருவர் கைஃபெங் தெருவில் நின்று சோங் காவலனைத் தலை முதல் கால் வரை பார்த்திருப்பார். நாம் கொண்டுபோன முத்தையும் தந்தத்தையும் பற்றிச் சீனர்கள் எழுதி வைத்துக்கொண்டார்கள். நம்மவர் ஒரு வரி எழுதினாரா? ஒரு கல்வெட்டில், ஒரு மூலையில், ‘காவலர் காற்சட்டை நீலம்’ என்று பொறித்திருந்தால் என் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும். கோயில் நந்தாவிளக்குக்கு விட்ட ஆட்டை ஒன்றுவிடாமல் எண்ணிப் பொறித்தவர்கள்!

புரட்டாசி பிறந்ததும் அம்மா மாயவரத்திலிருந்து வந்தார், பெட்டியில் கொலுப் பொம்மைகளோடு. அம்மாவை நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன். பலராமர் கையில் கலப்பை இல்லை என்பதற்காகக் காஞ்சிபுரத்துக் கடையில் ஒரு தசாவதார செட்டையே திருப்பிக் கொடுத்தவர் அவர். என் மேசையைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒருவனை எடுத்தார்.

"ஏன்டா, எல்லாருக்கும் மூஞ்சியில மரு?"

"பச்சை குத்தினதும்மா. பட்டாளத்து நம்பர்."

"ஈட்டி எல்லாம் இப்படி வளைஞ்சு கெடக்கே. மானமா இருக்கா?"

உலோக ஈட்டி தொட்டால் வளையும், நிமிர்த்தினால் ஒடியும். அம்மா எழுந்து போய் விளக்குமாற்றிலிருந்து நாலைந்து ஈர்க்கு உருவிக்கொண்டு வந்தார். என் படையின் ஈட்டிகளெல்லாம் இன்று தென்னை ஈர்க்கு. வளையவே இல்லை. முனைக்கு மட்டும் தகரம் வெட்டி ஒட்டினேன்.

கால்சட்டைப் பிரச்சினையையும் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. யோசித்தார்.

"என்ன கலரா வேணா இருக்கட்டும். நாப்பது பேருக்கும் ஒரே கலரா எப்படிடா இருக்கும்?"

"அரசாங்கத் துணிம்மா. ஒரே சாயம்."

"சாயம் ஒண்ணுதான். தொவைக்கிறவன் நாப்பது பேராச்சே. ஒருத்தன் தெனம் கசக்கியிருப்பான், ஒருத்தன் தண்ணியே காட்டியிருக்க மாட்டான். வெயில்ல ஒருத்தன் போட்டிருப்பான், நிழல்ல ஒருத்தன். உங்க அப்பாவுக்கு மில்லுல வருஷத்துக்கு ரெண்டு காக்கி குடுத்தாங்க. ஆறே மாசத்துல ஒண்ணு கஞ்சி கலரு, ஒண்ணு மண்ணு கலரு."

எத்தனை சுருளைப் புரட்டியும் தோன்றாத விஷயம். அன்றிரவு நீலத்தில் ஒரு கிண்ணம் கலந்தேன். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சொட்டு சாம்பலோ, பழுப்போ, வெள்ளையோ சேர்த்துக்கொண்டே போனேன். துவைத்தவன், துவைக்காதவன், புதிதாகச் சேர்ந்தவன், மழையில் மாட்டியவன். மூன்றே இரவில் முடிந்தது. நீலம்தான் என்பதற்கு ஆதாரம் கிடையாது. சாயம் போயிருக்கும் என்பதற்கு அப்பாவின் காக்கி ஆதாரம்.

சாரோடு ஆட்டம் அந்தச் சனிக்கிழமை. புதிதாக வண்ணம் அடித்த படைதான் முதலில் சாகும் என்று இந்த வட்டாரத்தில் ஒரு பழமொழி உண்டு. நாற்பது நிமிடம். பகடையில் எனக்குத் தொடர்ந்து ஒன்று விழுந்தது. யன்செங்கில் குதிரைக் காலை வெட்டிய வீரர்கள் என் சாப்பாட்டு மேசையில் குதிரைக் காலில் மிதிபட்டுப் போனார்கள். பெட்டியில் அடுக்கும்போது சார் ஒருவனைத் தூக்கிப் பார்த்து, "கால்சட்டை ஒவ்வொருத்தனுக்கும் ஒரு மாதிரி இருக்கே, பெயின்ட் தீந்துபோச்சா?" என்றார்.

கொலுவுக்கு அம்மா ஏழு படி கட்டினார். கீழ்ப்படியில் பூங்கா, தெப்பக்குளம், பிளாஸ்டிக் கிரிக்கெட் வீரர்கள். அதற்குப் பின்னால் சோங் படை அணிவகுத்தது. வெற்றிலை பாக்குக்கு வந்த பெண்கள் மகாபாரதமா என்று கேட்டார்கள். "இல்லம்மா, சோங்கு. ஒவ்வொருத்தனுக்கும் ஆயிரத்து எண்ணூத்தி இருபத்தஞ்சு தகடு" என்று அம்மா விளக்கினார். ஒரு பெண் எண்ண ஆரம்பித்ததும் சுண்டலைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மூன்றாம் நாள் மாலை எதிர்வீட்டு அங்கிள் வந்தார். கையில் சிவப்புத் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று. படிகளை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். கீழே குனிந்து, தொப்பை வைத்த யுவே ஃபெய்யைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துணியைப் பிரித்தார். ஒரு சாண் உயரப் பீங்கான் குவான் யூ. எங்கே வைக்கலாம் என்று அம்மாவைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குச் சீனம் தெரியாது. சாமியா பொம்மையா என்று அம்மா என்னைக் கேட்டார். சாமி என்றேன். அம்மா நான்காம் படியில் சற்று நகர்த்தி இடம் பண்ணினார்.

என் படைக்கு நேர் மேலே, ஒன்பது நூற்றாண்டு முந்தைய ஆள், ஆறு மடங்கு உயரத்தில் நிற்கிறார். கையில் இருக்கும் வாள் மட்டும் சோங் காலத்தது. அம்மா அவர் முன்னாலும் ஒரு கிண்ணம் சுண்டல் வைத்தார்.